பை சுமப்பவர்

பையைத் தோளில் ஏற்றுமுன் அதன் வாயைத் திறந்து கோல்ஃப் மட்டைகளை எண்ணுகிறார் கேடீ. 14-க்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதலாக ஒன்று இருந்துவிட்டால் அபராத அடி ஆடுகிறவர் கணக்கில்தான் ஏறும். ஆனாலும் அதைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மட்டையின் தலையையும் விரலால் தொட்டு எண்ணி முடிக்கிறார். துண்டின் ஒரு முனையைக் குழாயில் நனைத்துப் பிழிந்து பையின் வளையத்தில் முடிகிறார். மறுமுனை காய்ந்தே இருக்க வேண்டும். ஈரம் பந்தில் ஒட்டும் மண்ணுக்கு, காய்ந்தது மட்டைப் பிடிக்கு. அறுபதை நெருங்கிய ஒல்லியான உடம்பு. கெண்டைக்கால் மட்டும் நன்றாக இறுகியிருக்கிறது.

ஆட வந்திருப்பவர் சென்னைக்காரர். வேலையாகத் திருவனந்தபுரம் வரும்போதெல்லாம் மட்டைப் பையையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். தெரிந்த உறுப்பினர் ஒருவர் சொல்லிவைத்ததில் இந்தக் காலை நேரம் கிடைத்திருக்கிறது. காலர் வைத்த சட்டை, வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் உறை. கூட நடக்க எனக்கும் அனுமதி உண்டு. பேசாமல் நடக்க வேண்டும். கோல்ஃபில் பார்வையாளன் காட்டக்கூடிய மரியாதை அதுதான்.

"சேட்டா, முதல் ஹோல் எப்படி?"

"சாரு தமிழா? நேரே அடிச்சா மதி சாரே. தூரம் வேண்டாம்."

பாறசாலைப் பக்கத்துப் பேச்சு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் அந்த எல்லையோர ஊர்களில் இரண்டு மொழியும் ஒரே வாயில்தான் புழங்குகின்றன.

தூரம் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் நடக்க நடக்கத் தெரிகிறது. 18 குழிகள் கொண்ட முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். திருவனந்தபுரத்துக் கவடியாரில் இருக்கும் இந்த மைதானம் சுமார் 25 ஏக்கர். அதற்குள் 9 குழிகள். முழு ஆட்டம் வேண்டுமென்றால் அதே ஒன்பதை இரண்டு சுற்று வர வேண்டும். மேடும் பள்ளமுமான நிலம், நடுவில் மரங்கள். தோள் வலிமையை நம்பி ஓங்கி அடிக்கிறவர்களின் பந்தை மரங்கள் வாங்கிக்கொள்கின்றன. வெளியூர்க்காரர்கள் முதல் குழியில் செய்வது இதுதான் போலிருக்கிறது. சென்னைக்காரரும் அதைத்தான் செய்தார். பெரிய மட்டையை எடுத்து வீசினார். பந்து நேராகக் கிளம்பி, நடுவானில் வலப்புறம் வளைந்து, மரங்களுக்குள் போய் மறைந்தது.

கேடீ பந்தைப் பார்க்கவில்லை. அது நுழைந்த இடத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கண்ணை அதிலிருந்து எடுக்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

2019-க்கு முன்பு, காணாமல் போன பந்தைத் தேட 5 நிமிடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு விதிகளைத் திருத்தியபோது அது 3 நிமிடமாகச் சுருங்கியது. தேடுகிறவருக்கு இது மிகக் குறைந்த நேரம். 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் பொருளை, இரவு மழையில் நனைந்து மட்கிய சருகுக்கு நடுவே கண்டெடுக்க வேண்டும். அவர் குனியவில்லை. பாதத்தைத் தரையோடு ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.

"விடுங்க சேட்டா. வேற பந்து போட்டுக்கறேன்."

"உண்டு சாரே. இங்கதான் உண்டு."

இரண்டு நிமிடம் கடந்திருக்கும். பாதம் நின்றது. கையால் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். ஒரு பழுத்த இலைக்கு அடியில் பந்தின் கால்வாசி தெரிந்தது. சென்னைக்காரர் இலையை எடுக்கக் குனிய, "தொடாதீங்க சாரே, பந்து அசைஞ்சா ஒரு அடி போகும்" என்றார். சரியான சட்டம். இலையை எடுக்கலாம். எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஓர் அடி அபராதம். விதிப்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் பலருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராத விதி இது. பிறகு அவர் எடுத்துக் கொடுத்தது ஏழாம் நம்பர் மட்டை. முன்னால் போகாதீர்கள், பக்கவாட்டில் புல்தரைக்குத் தட்டிவிடுங்கள் என்று கையாலேயே வழி காட்டினார். சென்னைக்காரர் அப்படியே தட்டினார். பந்து வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காலை முழுக்க, மட்டையை எடுப்பதற்கு முன் அவர் கேடீயின் முகத்தைப் பார்த்தார்.

இந்த மைதானம் தன் வயதை 1850-லிருந்து எண்ணுகிறது. கல்கத்தா ராயல் கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. திருவிதாங்கூர் அதற்கு அதிகம் பிந்தவில்லை. மன்னர் வீட்டாருக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் உரிய இடமாகத்தான் இது வளர்ந்தது. பக்கத்தில் இருக்கும் கவடியார் அரண்மனை, 1934-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா தன் தங்கை கார்த்திகைத் திருநாளின் கல்யாணத்தை ஒட்டிக் கட்டியது. மாப்பிள்ளை ஜி.வி. ராஜா. பிற்பாடு கேரள விளையாட்டுக் கவுன்சிலைக் கட்டி எழுப்பி, 1971-ல் விமான விபத்தில் இறந்த அதே ஜி.வி. ராஜா. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐக் கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. அரண்மனை எழுந்த இரண்டாவது ஆண்டில், 1936 நவம்பர் 12-ல், அதே மகாராஜா கோயில் கதவுகளை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டார். இந்தப் புல்லில் நடக்கும்போது அந்த அரசாணையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்குப் போகும் வழியில் மூன்று பெண்கள் குந்தியிருந்து களை பிடுங்குகிறார்கள். கையில் சின்னக் கத்தி, பக்கத்தில் மடக்கிய குடை. "மாறிக்கோ" என்று கேடீ குரல் கொடுக்கிறார். எழுந்து நாலடி தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு தலையைக் குனிகிறார்கள். பந்து கடந்ததும் திரும்ப வந்து, விட்ட இடத்திலேயே உட்காருகிறார்கள்.

கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்து ஏதோ சீமைப் புல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெரும்பாலும் போடப்படுவது பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகு இனம்தான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒட்டுச் சேர்த்து எடுத்த குட்டை ரகங்கள் உலகமெங்கும் பரவின. கிரீனில் அதை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவார்கள். அவ்வளவு குட்டையாக இருந்தாலும் அறுகு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த திசையில் பந்து ஓடும், எதிர்த்திசையில் தயங்கும். தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கண் சொல்லிவிடும். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதைப் பழகினவர்தான் சொல்ல முடியும்.

சென்னைக்காரர் பந்துக்குப் பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். கேடீ நேரே குழிக்குப் போய் அதன் விளிம்பைப் பார்க்கிறார். 108 மில்லிமீட்டர் வட்டம். ஒரு பக்க விளிம்பு கூர்மையாக, பச்சையாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிய்ந்து பழுப்பேறியிருக்கிறது. புல் சாய்கிற பக்கம் விளிம்பு அப்படித்தான் நையும். நிமிர்ந்து, "வலத்தே ஒரு கப்பு. மெல்லே" என்கிறார்.

குழிக்கு ஒரு கப் அளவு வலப்பக்கம் தள்ளிக் குறிவைக்கச் சொல்கிறார். பந்து வலப்பக்கம் திரும்பும் என்றல்லவா எனக்குத் தோன்றியது. சென்னைக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினார். பிறகு அவர் சொன்னபடியே தட்டினார். பந்து ஊர்ந்து போய், கடைசி ஒரு அடியில் இடப்பக்கம் திரும்பி உள்ளே விழுந்தது. கேடீயின் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. கொடியைத் திரும்ப நட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு அறிவையும் தோள்சுமையோடு சேர்த்து வைத்திருக்கிறவருக்கு ஒரு மட்டை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் நாட்டு கோல்ஃப் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்து வளர்ந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடீயாகத் தொடங்கியவர். 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து அதை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தாவில் புல் பராமரித்தவர். இவர்கள் யாருக்கும் உறுப்பினர் அட்டை வீட்டுச் சொத்தாக வரவில்லை. உள்ளே நுழைய வேலை ஒரு வழியாக இருந்தது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் மைதானம் அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கவடியார் நிலம் அரசுடையது. மைதானத்தை நடத்திவந்த கிளப்பிடமிருந்து அதை மீட்க அரசு எடுத்த நடவடிக்கை, வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வராக இருந்த 2006–2011 காலத்தில் நீதிமன்றம் வரை போனது. பிறகு இந்திய விளையாட்டு ஆணையமும் இங்கே வந்தது. யார் கையில் சாவி இருப்பது என்பதைப் பற்றித்தான் அத்தனை பேச்சும் நடந்தது. நகரத்துக்கு நடுவே வீடு முளைக்காமல், மழைநீர் இறங்கும்படி 25 ஏக்கர் பசுமை நிற்பதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். அதை மனைபோட்டு விற்காமல் காத்தவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் களை பிடுங்குகிறவர்களுக்கும் பை சுமக்கிறவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது கிரீனில் ஆட்டம் முடிந்தது. கேடீ மட்டைகளை மறுபடி எண்ணி, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். "உங்க பேர் என்ன சேட்டா?" என்று சென்னைக்காரர் அப்போதுதான் கேட்டார். சொன்னார். சென்னைக்காரர் கூலியை எண்ணி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் வைத்துக் கையில் கொடுத்தார். "பையன் ஆடுவானா?" என்று கேட்டதற்கு, "பேரன் உண்டு சாரே. எட்டு வயசு. கம்பு வச்சு அடிப்பான்" என்றார்.

ஊர் ஊராக மட்டைப் பையோடு போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மைதானத்துக்குப் போனாலும் பெயரை முதல் குழியிலேயே கேளுங்கள். கூலியை யார் மூலமாகவும் அனுப்பாமல் அவர் கையிலேயே கொடுங்கள். உங்கள் ஊர்க் கிளப்பில் உங்களுக்கு ஒரு வாக்கு இருந்தால், வாரத்தில் ஒரு காலையைக் கேடீகளின் பிள்ளைகளுக்கும் புல் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மட்டைகளில் இரண்டை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு ஏற்றபடி பிடியை வெட்டிக் குட்டையாக்கப் பட்டறையில் அதிக நேரம் ஆகாது.