அம்மா கொடுத்த ‘தண்ணீர்’

என் அம்மா படிக்கச் சொன்ன புத்தகங்களை நான் படித்ததே இல்லை. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருக்கும் தலைமுறை அவர். “எடுத்தா கீழே வைக்கவே மாட்டே” என்று தலையணை கனத்தில் ஒன்றை நீட்டுவார். “அப்புறம் பார்க்கலாம்மா” என்று டி.வி. பக்கத்தில் வைப்பேன். சில மாதங்களில் அது சத்தமில்லாமல் அவர் அலமாரிக்கே திரும்பிவிடும்.

புத்தகத்தில்கூட சமாளித்துவிடலாம். எங்களுக்குள் பெரிய சண்டையே தண்ணீரால்தான். எங்கள் சென்னை அபார்ட்மென்ட்டில் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும். ஆனாலும் அம்மா அண்டா, குடம், பக்கெட், இட்லிப் பானை என்று எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார். நடுராத்திரியில் எழுந்து குழாயைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை டெங்கு பயத்தில், அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அத்தனையையும் கொட்டிவிட்டேன். திரும்பி வந்தவர் காலி அண்டாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. ‘தண்ணிக்குப் போய் இவ்வளவா!’ என்று எனக்கும் கோபம்.

2019 ஜூன் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். ஒருநாள் காலை 5 மணிக்கு, தெருவுக்கு வரும் லாரிக்காகக் குடத்தோடு கிளம்பியபோது, அம்மா ஒரு மெலிந்த புத்தகத்தைக் கையில் திணித்தார். “வரிசையில சும்மாதானே நிப்பே, படி.”

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1973-ல் வெளிவந்த நாவல். செல்போனில் சார்ஜ் இல்லாததால்தான் பிரித்தேன்.

சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் இல்லை. சினிமா ஆசையில் ஒருவனை நம்பிச் சீரழியும் ஜமுனா, அவள்மேல் கோபமும் பாசமுமாக இருக்கும் தங்கை சாயா, அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. புத்தகத்தில் பெண்கள் குடத்தோடு அலைந்தார்கள். நிமிர்ந்தால் என் முன்னாலும் அதேதான். லாரி வந்ததைக்கூட பின்னால் நின்றவர் சொல்லித்தான் கவனித்தேன்.

மீதியை அன்று இரவே முடித்தேன். உடைந்துபோயிருக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையைச் சொல்லும் இடம் ஒன்று வரும். அழுது புலம்பாமல், நோயாளிக் கணவரோடு தான் வாழ்ந்த கதையைச் சொல்வார். ஆறுதல் வார்த்தை என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் காபி குடிக்கும்போது, “அந்த டீச்சரம்மாவை மறக்கவே முடியலம்மா” என்றேன். அம்மா சிரித்தார்.

“அப்படி ஒருத்தி அப்ப எனக்கு இருந்திருந்தா, வேலையை விட்டிருக்க மாட்டேன்.”

அம்மா டைப்பிஸ்ட்டாக இருந்தவர். என்னை வளர்க்கத்தான் வேலையை விட்டார் என்று நானாகவே நினைத்திருந்தேன். அந்தக் கடனைப் பற்றி அவ்வப்போது குற்றவுணர்வும் உண்டு.

“உன்னைப் பார்த்துக்கப் பாட்டி இருந்தாங்களே! 1983-ல திருவல்லிக்கேணியில ஒண்டுக்குடித்தனம். அப்பவும் இப்படித்தான் பஞ்சம். ராத்திரி 2 மணிக்கு அடிபம்புல வரிசை. லாரி காலையில 10 மணிக்கு வந்தாலும் வரும், 12 மணிக்கு வந்தாலும் வரும். பாட்டியால குடம் தூக்க முடியாது. நான் எத்தனை நாள்தான் லேட்டாப் போறது? மேனேஜர் ஒருநாள் எல்லார் முன்னாலயும், ‘வேலை வேணுமா, தண்ணி வேணுமா’ன்னு கேட்டார். மறுநாள் எழுதிக் கொடுத்துட்டேன்.”

“ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?”

“தண்ணிக்காக வேலையை விட்டேன்னு சொன்னா சிரிப்பாங்க. குழந்தைக்காகன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

நான் கொட்டிய அண்டா நினைவுக்கு வந்தது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “லாரி சத்தம் கேக்குது, குடத்தை எடு” என்று எழுந்துவிட்டார்.

மழை வந்தது, குழாயிலும் தண்ணீர் வந்தது. அம்மா இப்போதும் அண்டாவை நிரப்புகிறார். கொசு வராமல் வெள்ளைத் துணி கட்டி மூடுவது என் வேலை. அலமாரியில் பைண்டு புத்தகங்கள் இருக்கும் தட்டிலிருந்து, அடுத்து எதைப் படிக்கலாம் என்று இப்போதெல்லாம் நான்தான் கேட்கிறேன்.