அரைப் பேர்

போல்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பொக்ஸுக்கு ஏன் பிந்தி வந்தது என்று எங்க கூட்டத்தில் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. இத்தனைக்கும் எங்களில் ஒருத்தரிடமும் எக்ஸ்பொக்ஸ் இல்ல. யட்டியாந்தோட்டை டவுனில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் விளையாடி வளர்ந்தவங்க நாங்க. மிச்சமெல்லாம் யூடியூப் தந்த அறிவு. சண்டை பிடிக்க கன்சோல் வேணுமா என்ன?

கதை இதுதான். 2023 ஆகஸ்டில் கம்பியூட்டருக்கு வந்தது, செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது, எக்ஸ்பொக்ஸுக்கு மட்டும் டிசம்பர் வரைக்கும் இழுத்தது. காரணம் மெமரி. எக்ஸ்பொக்ஸில் ரெண்டு வகை இருக்கு. சீரீஸ் எக்ஸில் 16 ஜிபி, விலை குறைஞ்ச சீரீஸ் எஸ்ஸில் 10 ஜிபி. பெரியதில் இருக்கிற வசதி சின்னதிலும் இருக்கணும் என்பது மைக்ரோசொப்ட் போட்ட சட்டம். ஒரே டீவியில் திரையை ரெண்டாகப் பிரித்து ரெண்டு பேர் ஆடுற வசதி சின்னப் பெட்டிக்குள் அடங்க மறுத்தது.

எங்களுக்குப் பிடிச்ச இடம் இதுக்குப் பிறகுதான் வருது. கேமைச் செய்த லாரியன் பெல்ஜியத்தில் இருக்கிற தனிக் கொம்பனி, மைக்ரோசொப்ட்டுக்குச் சொந்தமில்ல. இருந்தும் எக்ஸ்பொக்ஸ் பக்கத்து இன்ஜினியர்கள் லாரியன் ஆட்களோடு சேர்ந்து அந்தப் பிரச்சினையில் வேலை செய்தார்கள். அடுத்தவன் வீட்டுக் கூரைக்கு நம்ம வீட்டு ஏணியோடு போன மாதிரி. அப்படியும் நேரத்துக்கு முடியல்ல. கடைசியில் லாரியன் தலைவர் ஸ்வென் வின்கேயும் எக்ஸ்பொக்ஸின் பில் ஸ்பென்சரும் ஆகஸ்டில் சந்தித்துப் பேசி, சின்னப் பெட்டிக்கு அந்த வசதி இல்லாமலே கேமை விடலாம் என்று முடிவெடுத்தார்கள். சீரீஸ் எஸ்ஸுக்குத் திரைப் பிரிப்பு வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில்.

இந்த உதவி தர்மமில்ல. கேம் இல்லாத கன்சோல் வெறும் பெட்டி. பிளேஸ்டேஷன் 3 வந்த காலத்தில் அதுக்குள்ளே இருந்த செல் என்ற சிப்பைப் பழக்கப்படுத்த வெளி ஸ்டூடியோக்கள் திண்டாடின. சோனி சும்மா இருக்கல்ல. ஐஸ் டீம் என்று ஒரு குழுவை நோட்டி டோக் ஸ்டூடியோவோடு உட்கார வைத்தது. எட்ஜ் என்ற பேரில் கருவிகளையும் 2007ல் பிளேஸ்டேஷன் 3க்கு கேம் செய்யிற எல்லாருக்கும் கொடுத்தது. தன் பெட்டி விற்கணும் என்றால் அடுத்தவன் கேம் ஓடணும். கணக்கு சரிதான், நாங்க அதில் குறை சொல்லல்ல.

ஆனா கணக்குக்கு அப்பாலயும் சிலர் உதவியிருக்காங்க. போக்கிமொன் கோல்ட் எங்களில் பாதிப் பேர் போனில் எமுலேட்டர் போட்டு விளையாடினது. அதைச் செய்தது கேம் ஃப்ரீக். அந்தச் சின்னக் கட்ரிஜுக்குள் படங்களைச் சுருக்கி அடைக்கிற கருவியை எழுதிக் கொடுத்தவர் சடோரு இவாட்டா. அப்போ அவர் நின்டெண்டோவுக்கு நெருக்கமான ஹால் என்ற வேறொரு கொம்பனியின் தலைவர். நின்டெண்டோ 64க்கு போக்கிமொன் ஸ்டேடியம் செய்யிறப்போ பழைய கேமின் சண்டை விதிகள் தேவைப்பட்டன. கேம் ஃப்ரீக் ஆட்களுக்கு மூச்சு விட நேரமில்ல, எழுதி வைத்த விளக்கமும் கிடையாது. இவாட்டா கோடை மட்டும் படித்துப் பார்த்து, ஒரு வாரமளவில் அதை மாற்றி ஓட வைத்துட்டார். கொம்பனித் தலைவர் ஒருத்தர் அடுத்தவங்க கோடைப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை யோசிச்சுப் பாருங்க. 2002ல் அவர் நின்டெண்டோவின் தலைவரானார், 2015ல் காலமானார்.

எல்லா உதவியும் இப்படி இனிப்பாக முடியிறதில்ல. 2009ல் வந்த டீமன்ஸ் சோல்ஸை ஃப்ரொம்சொஃப்ட்வெயரோடு சேர்ந்து செய்தது சோனியின் ஜப்பான் ஸ்டூடியோ. சோனியின் ஷுஹெய் யோஷிதா விளையாடிப் பார்த்தார், அவருக்குப் பிடிக்கல்ல. அமெரிக்காவில் அதை சோனி வெளியிடவே இல்ல, அட்லஸ் கொம்பனி வெளியிட்டது. ஊரெல்லாம் கொண்டாடிச்சு. 2011ல் ஃப்ரொம்சொஃப்ட்வெயர் டார்க் சோல்ஸோடு நாம்கோ பண்டாய் பக்கம் போச்சு, எக்ஸ்பொக்ஸிலும் வந்தது. சோனி திரும்பி வந்து சேர்ந்து செய்ததுதான் 2015ன் பிளட்போர்ன். அதிலும் ஜப்பான் ஸ்டூடியோவின் கை இருக்கு. அந்தக் கேமின் உரிமை சோனியிடம். அதனால் அடுத்த பாகம் எப்போ என்று ரசிகர்கள் கேட்டால், உரிமை எங்களிடம் இல்லையே என்று ஃப்ரொம்சொஃப்ட்வெயர் நழுவிடுது. உதவி செய்த ஜப்பான் ஸ்டூடியோவை சோனி 2021ல் கலைத்து, டீம் அசோபியை மட்டும் வைத்துக்கொண்டது. இன்றைக்கு பிளட்போர்ன் யார் செய்தது என்று எங்க டவுன் கேம் கடையில் கேட்டால் ஒரு பேர்தான் வரும். அது ஜப்பான் ஸ்டூடியோ இல்ல.

நாங்க இவ்வளவு தோண்டினதுக்குக் காரணம் எங்க கூட்டத்து மூத்த அண்ணன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிச்சவர், கொழும்பில் த்ரீடி மொடல் செய்யிற வேலைக்குப் போனார். வெளிநாட்டுக் கேம்களுக்குப் பாறை, மரம், பாசி பிடிச்ச சுவர் எல்லாம் அங்கே செய்வாங்க. கன்சோல் கொம்பனி இன்ஜினியர் மேலே நிற்கிற உதவியாள் என்றால், அண்ணன் கீழே நிற்கிற உதவியாள். ஒரு பெரிய கேமுக்கு ஏழு மாதம் பாறை செய்தார். அது வந்த அன்றைக்கு நாங்க எல்லாரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கிரெடிட்ஸ் ஓடுறதைக் கடைசி வரைக்கும் பார்த்தோம். 31 நிமிடம். பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருந்தாங்க. அண்ணன் பேர் இல்ல. அவர் வேலை செய்த இடத்தின் பேர் மட்டும் ஒரு வரியில் ஓடிப் போச்சு.

எங்க பக்கத்தில் பேர் என்றால் கூலி. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், செக்ரோலில் விழும். கொழுந்து சொன்ன கிலோவுக்குக் குறைஞ்சா அரைப் பேர். காலையிலிருந்து மலையில் நின்ற கால் முழுக் காலாக இருந்தாலும் பேர் அரைதான். எங்க அம்மாமார் சாயங்காலம் "இன்னைக்கு அரைப் பேர்தான்" என்று சொல்லிக்கிட்டு வர்ற குரல் இந்த லயத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

அதனால்தான் மெட்ரொய்ட் ட்ரெட் கதை எங்களுக்குச் சட்டென்று புரிஞ்சது. 2021 ஒக்டோபரில் வந்த நின்டெண்டோ கேம், செய்தது ஸ்பெயினின் மெர்க்குரிஸ்டீம். மாதக்கணக்கில் உழைத்த சிலர் கிரெடிட்ஸில் தங்கள் பேர் இல்ல என்று சொன்னாங்க. கேம் செய்த மொத்தக் காலத்தில் 25 சதவீதமாவது வேலை செய்திருக்கணும், அதுதான் விதி என்று கொம்பனி பதில் சொல்லிச்சு. 24 சதவீதம் என்றால் அரைப் பேர்கூட இல்ல, பேரே இல்ல. தோட்டத்துத் துரைமார்கூட இந்த அளவுக்கு யோசிக்கல்ல.

பேரை மாற்றிப் போடுறது சினிமாவிலும் நடந்திருக்கு, அதுவும் எங்க பக்கத்துப் படத்தில். ஹட்டன் ரோட்டில் கொஞ்சம் மேலே போனால் கித்துல்கல. க்வாய் நதிப் பாலம் படத்தை அங்கேதான் எடுத்தாங்க. களனி கங்கைக்குக் குறுக்கே நிஜமான மரப் பாலம் கட்டி, 1957ல் வெடி வைத்துத் தகர்த்தாங்க. படத்துக்கு ஏழு ஒஸ்கார். திரைக்கதைக்கான ஒஸ்கார் போனது நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு. ஆனால் திரைக்கதையை எழுதினவங்க கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட் தள்ளி வைத்திருந்ததால் அவங்க பேர் திரையில் வரல்ல. அது திருத்தப்பட்டது 1984ல். வில்சன் 1978லேயே இறந்துட்டார். பாலத்துக்கு மரம் சுமந்த உள்ளூர் ஆட்களின் பேரை யாரும் தேடவும் இல்ல.

அண்ணனுக்கு 27 வருஷம் காத்திருக்க நேரமில்ல. போன மாசம் வேற ஒரு ஸ்டூடியோவில் நேர்முகத்துக்குப் போனார். என்ன செய்திருக்கீங்க என்று கேட்டாங்க. எந்தக் கேமுக்கு வேலை செய்தேன் என்று வாய் திறக்கக்கூடாது என்று பழைய இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்காங்க. அவர் போனை எடுத்து, யாரோ விளையாடி யூடியூபில் போட்டிருந்த வீடியோவை ஓட விட்டு, ஆற்றங்கரை வர்ற இடத்தில் நிறுத்தினார். திரையில் ஒரு பெரிய கருப்புப் பாறை. அதில் பாசி படர்ந்திருக்கிற விதம் கித்துல்கல ஆற்றுப் பாறையே தான், எங்களுக்குத் தெரியும்.

"சேர், இந்த மாதிரிப் பாறை எனக்குச் செய்ய ஏலும்" என்று மட்டும் சொல்லிட்டு வந்திருக்கார். பதில் இன்னும் வரல்ல.