பூட்டிய அறைக்குள் அடிக்கும் போன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மிஷின் மாட்ட வரும் டெக்னீஷியன், லாரி டிரைவர், ஒடிசாவிலிருந்து வேலை தேடி வந்தவர். ஜி.என்.டி. ரோட்டு லாட்ஜ்களில் தங்குகிறார்கள். அதில் ஒருவர் காலையில் கதவைத் திறக்கவே இல்லை என்றால்?

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருப்போம். யாருக்கு முதல் போன், எதைத் தொடக் கூடாது, எல்லாம். நான் தங்கிய லாட்ஜ்கள் எதிலும் ரூம் பாய் கையில் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை.

அந்தத் தாளின் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: செத்துட்டார்னு நீயா முடிவு பண்ணாதே. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். 108-ஐக் கூப்பிடு. மூச்சு இல்லை, உடம்பு விறைக்கவும் இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்து. இதைத் தாளில் படித்தால் போதாது, பொம்மையை வைத்துப் பழக வேண்டும்.

இரண்டாவது வரி: உயிர் இல்லை என்று தெரிந்ததும் அறையைப் பூட்டு, ஸ்டேஷனுக்குச் சொல். பெட்ஷீட்டை மடிக்காதே, டம்ளரைக் கழுவாதே. லாட்ஜ் பேர் கெட்டுவிடுமே என்று பின்வாசல் வழியாக அனுப்பத்தான் முதலாளிக்குத் தோன்றும். சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24 அன்று துபாய் ஹோட்டல் அறையில் இறந்தார். முதலில் மாரடைப்பு என்றார்கள். தடயவியல் அறிக்கையோ தற்செயலாகத் தண்ணீரில் மூழ்கியது என்றது. 27-ஆம் தேதி விசாரணை முடிந்த பிறகுதான் உடல் மும்பைக்கு வந்தது. அறையைக் கலைக்காமல் வைத்திருப்பது போலீஸுக்கு மட்டுமல்ல, அந்தக் குடும்பத்துக்கும் செய்கிற உதவி.

மூன்றாவது வரிதான் சிக்கல்: வீட்டுக்கு யார் சொல்வது? வேலையிடத்து விபத்தில் புலம்பெயர் தொழிலாளி இறந்தால் காண்டிராக்டர் இரு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 1979-ஆம் வருடச் சட்டம் சொன்னது. லாட்ஜில் தூக்கத்தில் இறந்தவருக்கு அப்படி யார் பொறுப்பு? ரெஜிஸ்டரில் ஆதார் நகல், முகவரி, கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் இருக்கும். அந்த நம்பர் இறந்தவருடையதுதான். ரிசப்ஷனிலிருந்து அடித்தால் பூட்டிய அறைக்குள் மணி அடிக்கும்.

இன்னொரு கட்டம் போட எவ்வளவு செலவாகும்? சாவி கொடுக்கும்போதே, "வீட்டு நம்பர் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் போதும்.

கதவை முதலில் திறந்துபார்த்த பையனை அன்றைக்கே தனியாக அந்த அறையைக் கூட்டச் சொல்லாதீர்கள். அவனும் பெரும்பாலும் வெளியூர்தான். அவன் வீட்டு நம்பர் முதலாளியிடம் இருக்கிறதா?