வளவும் மரஞ்செடிகளும்

வீட்டைச் சூழ்ந்த நிலத்தை யாழ்ப்பாணத்தார் வளவு என்பர். முற்றம், கிணற்றடி, கோடி, வேலி யாவும் அச்சொல்லில் அடங்கும். அண்மைக் காலமாகக் 'கார்டின்' என்னுஞ் சொல் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றது. சொல்லோடு பொருளும் மாறுகின்றது. உயர்ந்த மதில், உள்ளே கல் பதித்த தரை, ஓரத்தில் சாடிகளிற் குரோட்டனும் போகன்வில்லாவும் என்பதே குடாநாட்டிற் புதிதாய் எழும் வீடுகள் பலவற்றின் தோற்றம்.

எங்கள் காணி வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 இல் அம்மம்மா அதனை விட்டு வெளியேறினார்; 2018 இல் அது விடுவிக்கப்பட்டது. வீடு அத்திவாரமாகக் குறுகியிருக்க, வளவு பற்றைக்காடாய் விரிந்திருந்தது. கட்டடச் செலவை ஏற்ற மாமா, வெளிநாட்டிலிருந்து பணத்தோடு புற்றரையுங் கற்பாதையுங் கொண்ட படமொன்றையும் அனுப்பினார். இயந்திரத்தால் யாவற்றையும் வழித்தெடுப்பதென்பதே முதல் ஏற்பாடு. "வழிக்க முன்னம் என்ன நிக்குதெண்டு பாக்கவேணும், பிள்ளை" என்று கூறி, அம்மம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பற்றைக்குள் இறங்கினார்.

எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்ததை அவர் பெயர் பெயராகப் பிரித்தார். முன்பு வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்கள் பெருமரங்களாகியிருந்தன. ஆவரசு, நொச்சி, காரை, சூரை, விடத்தல், கொவ்வை, முசுட்டை, குறிஞ்சா என்பன தாமே வந்திருந்தன. ஆயினும் தாமே முளைத்த யாவும் இம்மண்ணுக்குரியன அல்ல. கிணற்றை மூடி நின்ற நாயுண்ணி, 1826 இல் பேராதனைப் பூங்கா வழியாக அலங்காரச் செடியாய் இலங்கைக்குள் வந்த அமெரிக்கச் செடி. அழகுக்கென வந்த அது இன்று காடுகளையே விழுங்குகின்றது. பூங்கன்று விற்குமிடங்களிற் சற்றே நின்று யோசிப்பது நன்று. அதனையும் இப்பில் இப்பிலையும் வேரோடு களைந்தோம். சீமைக்கிளுவையில் மட்டும் முடிவு எளிதாயிருக்கவில்லை. அதன் தாயகம் மத்திய அமெரிக்கா. பெயரே அயலூரைச் சொல்கின்றது. எனினும் வேலிக்குக் கதியாலாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் அது எம்மோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது. அதனை விட்டுவைத்தோம். நாட்டுப்பற்றைத் தாவரவியலில் அளவுக்கு மிஞ்சிப் புகுத்தலாகாது என்பது என் எண்ணம்.

மாமாவோடு தொலைபேசியில் நான் வாதிட்டது தண்ணீரைப் பற்றியே. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழையே பெரும்பாலும் சுண்ணக்கல்லினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். முற்றத்தைக் கல்லால் மூடினால் பெய்த மழை கிணற்றுக்கு உதவாமல் ஒழுங்கைக்கு ஓடும். புற்றரையோ கோடை முழுவதும் நீர் கேட்கும். ஆவரசும் நொச்சியும் வேர்பிடித்தபின் கேட்பதில்லை. மாமா சிறிது நேரம் பேசாதிருந்து, "கார் விடுற இடத்துக்கெண்டாலும் கொஞ்சம் கல்லுப் பதியுங்கோ" என்றார். அவ்வளவுக்கு உடன்பட்டோம்.

அம்மாவின் அச்சம் வேறு, அவருக்குப் பாம்பு. அது நியாயமான அச்சம். ஆதலால் வீட்டின் முன்னே பழைய வழக்கப்படி கூட்டிப் பெருக்கும் மணல்முற்றம் விட்டு, முட்செடிகளைக் கோடிப்புறத்தோடு நிறுத்தினோம். படலையருகே கொன்றைக் கன்றொன்று நட்டேன். சில மாதங்களில் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் அதன் தளிர்களைத் தின்றன. மருந்தடிக்கப் புறப்பட்ட அம்மாவைத் தடுக்க நான் பட்ட பாடு மாமாவோடு பட்டதிலும் பெரிது. கன்று மீண்டும் துளிர்த்தது.

மதிலா வேலியா என்பது மட்டும் இன்னுந் தீரவில்லை. வீதிப்பக்கம் மதிலும் ஏனைய மூன்று பக்கமும் பூவரசும் என்று பேச்சு நடக்கின்றது. அம்மம்மா முடிவுக்குக் காத்திராமல், மாரிக்கு முன்னரே கதியால்களை வெட்டுவித்துக் கிணற்றடி நிழலில் அடுக்கி வைத்திருக்கிறார்.