எழுதாமல் விட்ட இரண்டு

என் தாய்மாமா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் சாமான் இல்லைங்க, ஆணி, கம்பி, பெயின்ட். அங்கே பில் போடுகிற புரோகிராமை அவரே 2003-ல் விஷுவல் பேசிக் 6-ல் எழுதினார். 1998-ல் வந்த கருவி அது. 2008 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. மாமா நிறுத்தவில்லை :)

போன விடுமுறையில், "மாப்ள, ஒரு சின்ன வேலை. மொத்தத் தொகையில பைசா வேண்டாம், முழு ரூபாயா வரணும்" என்றார்.

எண் காட்டும் பெட்டிகள் எல்லாமே மாமா செய்த ஒரே யூசர் கன்ட்ரோல். அதில் 'தசம இடம்' என்று ஒரு ப்ராபர்ட்டி, டீஃபால்ட் 2. தொகைப் பெட்டிகளில் மட்டும் அதை 0 என்று மாற்றியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் பில், ரிட்டர்ன், கொட்டேஷன் என்று மூன்று ஃபாரம் இருந்ததா, கன்ட்ரோலின் டீஃபால்ட்டையே 0 ஆக்கிவிட்டேன். எடைப் பெட்டிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. ப்ராபர்ட்டி விண்டோவில் அங்கே 2 என்று இருந்ததை முன்பே பார்த்திருந்தேன். இருப்பது அப்படியே இருக்கும் என்று நம்பினேன்.

மறுநாள் 2.75 கிலோ ஆணி, பில்லில் 3 கிலோ ஆனது. 2.30 கிலோ வெறும் 2 ஆனது. பெட்டியில் தெரிகிற எண்ணைத்தான் புரோகிராம் விலையால் பெருக்கும். நாலு பில் போன பிறகுதான் ஒரு மேஸ்திரி கேட்டாராம்.

அன்று ராத்திரி ஃபாரம் கோப்பை நோட்பேடில் திறந்தேன். எஃப்ஆர்எம் வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, நடுவில் வரிக்கு ஒரு ப்ராபர்ட்டி. படம், ஐகான் போன்றவை பக்கத்திலிருக்கும் எஃப்ஆர்எக்ஸ் என்ற பைனரி கோப்பில் இருக்கும். எஃப்ஆர்எம்-ல் அந்தக் கோப்பின் பெயரும், அதில் எந்த இடம் என்ற எண்ணும் மட்டும்தான். எஃப்ஆர்எக்ஸை விட்டுவிட்டு நகல் எடுத்தால் படங்கள் போச்சு.

எடைப் பெட்டியைத் தேடினேன். இடம், அகலம், உயரம் இருந்தன. தசம இடத்துக்கு வரியே இல்லை!

விஷயம் இதுதான். ஃபாரத்தைச் சேமிக்கும்போது நம் கன்ட்ரோலில் ரைட்ப்ராபர்ட்டீஸ் என்ற நிகழ்வு ஓடும். அதில் ப்ராபர்ட்டி பேக் என்ற பையிடம் பெயர், மதிப்பு, டீஃபால்ட் மூன்றையும் கொடுக்கிறோம். மதிப்பும் டீஃபால்ட்டும் ஒன்றாக இருந்தால் பை எதையும் எழுதாது. திரும்பத் திறக்கும்போது ரீட்ப்ராபர்ட்டீஸ் அந்தப் பெயரைக் கேட்கும். இல்லையென்றால், அங்கே நாம் எழுதியிருக்கிற டீஃபால்ட்டையே பை திருப்பித் தரும். நான் பார்த்த 2 எந்த ஃபாரத்திலும் இல்லை. கன்ட்ரோலின் கோடில் ஒரே இடத்திலிருந்து எல்லாப் பெட்டிக்கும் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் அழித்தேன்.

(இன்னொரு பொறியும் உண்டு. மதிப்பு மாறியதும் ப்ராபர்ட்டிசேஞ்ச்டு என்று கூப்பிட மறந்தால், சேமிக்க ஏதோ இருக்கிறது என்பதே விஷுவல் பேசிக்குக்குத் தெரியாது. எஃப்5 அழுத்தினால் டிசைன் கன்ட்ரோல் அழிந்து புதிது பிறக்கும். நீங்கள் வைத்த நிறம் காணாமல் போயிருக்கும்.)

டீஃபால்ட்டை மறுபடி 2 ஆக்கினேன். மூன்று தொகைப் பெட்டிகளிலும் கையால் 0 வைத்துச் சேமித்தேன். நோட்பேடில் பார்த்தால் இப்போது அந்த மூன்றில் மட்டும் தசம இடத்துக்கு ஒரு வரி.

மாமா திட்டவில்லை. "கூட வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டேன் மாப்ள. குறைச்சு வாங்கினதைப் போய்க் கேக்க முடியாதுல்ல" என்றார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

கோடில் அந்த 2-க்கு மேலே ஒரு கமென்ட் போட்டுவிட்டு வந்தேன்: 'இதை மாற்றாதே. எடைப் பெட்டிகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.'