கம்பளியோடு வேலூருக்கு!

வேலூருக்குக் கம்பளிப் போர்வை எடுத்துக்கொண்டு போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

தப்பு என்னுடையதல்ல. நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்தால், எங்கள் வீட்டில் காலண்டர் சுவரில் நிற்காது. அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு, உலகத்தில் எல்லா ஊரிலும் விடியற்காலை குளிரும் என்று ஒரு நம்பிக்கை. பையனுக்கு வேலூரில் என்ஜினீயரிங் ஸீட் கிடைத்ததும் அவள் முதலில் பரணில் ஏறி இறக்கியது அந்தக் கம்பளியைத்தான்.

"ஏனுங்க, வெயில் ஊருங்கறாங்க, சரி. ராத்திரி பனி இறங்குனா பையன் என்ன பண்ணுவான்?"

பனி! வேலூரில்! ஆகஸ்ட் மாதத்தில்! வாயைத் திறப்பேனா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது.

கம்பளியைத் தொடர்ந்து பருப்புப் பொடி, நெய், முறுக்கு டின், கொசு பேட், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஆறு அங்குல ஃபோம் மெத்தை எல்லாம் வரிசையாக வந்தன. மொத்தம் ஒன்பது உருப்படி. ரயிலில் எதிர் ஸீட்காரர், "வீடு மாத்தறீங்களா சார்?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

காட்பாடியில் இறங்கியதும் முகத்தில் ஓர் அறை. யாரும் அடிக்கவில்லை; காற்றுதான். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் அதில் பாதிதான். ஊரைச் சுற்றிப் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரியில் நிதானமாக அதைத் திருப்பித் தருகிற மலைகள்.

"மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதான் சார் எங்க ஊரு" என்றார் ஆட்டோக்காரர், பெருமையாக. பிறகு நியாயமாக ஒரு திருத்தமும் சொன்னார்: "சாமி மட்டும் 1981-லயே கோயிலுக்குத் திரும்பிட்டாரு சார்."

மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கிறது போலும். பாலாறு என்று பெயர்ப்பலகை இருந்தது. நான் பார்த்த அன்று ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் எங்கள் ஒன்பது உருப்படிகளையும் கஸ்டம்ஸ் அதிகாரி மாதிரி சோதித்தார். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. கம்பளியைப் பிரித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அறை நாலாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடிதான். ஜன்னல் மேற்கே பார்த்தது. மணி மூன்று. உள்ளே நுழைந்ததும் இட்லிப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மின்விசிறி சுற்றியது. மேலே கான்க்ரீட் கூரையில் இருந்த சூட்டையெல்லாம் ஒழுங்காக வழித்து எங்கள் தலையில் கொட்டியது. ஃபோம் மெத்தையில் உட்கார்ந்தேன். இரண்டே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு அந்த விண்ணப்பப் படிவம் ஞாபகம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஏ.சி. அறை, ஏ.சி. இல்லாத அறை. முதலாவதற்கு வருஷத்துக்கு நாற்பதாயிரம் அதிகம். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபோது பையன் சட்டென்று சொன்னான்: "எனக்கு ஏ.சி. ஒத்துக்காதுங்கப்பா. சளி பிடிச்சுக்கும்."

நானும் நம்பிவிட்டேன். நம்புவது வசதியாக இருந்தது. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி.

ஆனால் மே மாதம் அவன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோமே? ஏ.சி. அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலை பத்து மணி வரை தூங்கினானே? அன்று எங்கே போயிருந்தது அந்தச் சளி?

கேட்கவில்லை. கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். நான் அதையும் நம்ப வேண்டிவரும்.

விடுதி அலுவலகத்துக்கு மட்டும் ஒரு நடை போய், "ஏ.சி. ரூம் ஏதாவது..." என்று இழுத்தேன். எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். "நீங்க கௌம்புங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றான் பையன், நெற்றி வியர்வையைத் துடைக்காமல்.

ராத்திரி ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. கோட்டைக்குப் போனேன். பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டை. அகழியில் தண்ணீர் இருந்தது, கண்ணுக்காவது குளிர்ச்சி. 1799-ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்ரம ராஜசிங்கனையும் இங்கேதான் அடைத்தார்கள். 1832-ல் இந்த ஊரிலேயே இறந்துபோனார். அவர்களிடம் யாரும் ஹாஸ்டல் ஃபீஸ் வாங்கவில்லை. பணம் கட்டி இந்த ஊர் வெயிலில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற முதல் பரம்பரை நாம்தான்!

1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே கோட்டையில்தான். புதுமாதிரித் தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடிக்குத் தடை என்று வெள்ளைக்காரன் போட்ட உத்தரவுகள் முக்கியக் காரணம். ஹாஸ்டல்களில் உடை விதி போடுகிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

கோட்டையைவிட்டு வெளியே வந்தால், தெருவோரத்தில் ஓர் அம்மா மண்பானை விற்றுக்கொண்டிருந்தார். என் கதையைச் சொன்னேன். (வெயிலில் நடந்தவன் யாரிடமும் கதை சொல்லுவான்.) அந்த அம்மா சிரிக்கவில்லை. விரல் மடக்கி வகுப்பெடுத்தார்.

"மேல் மாடியா? சாயங்காலம் தரையில தண்ணி தெளிச்சு வுடச் சொல்லு. பகல்ல ஜன்னலைச் சாத்தி, துணி கட்டணும். பொழுது போனதும் தொறக்கணும். எல்லாரும் உல்டாவா செய்யறாங்க! மெத்தையைச் சுருட்டிப் போட்டுட்டு, பாயில படுக்கச் சொல்லு. பானையை மூலையில வெக்காதே, காத்து வர்ற எடத்துல வையி."

யோசித்துப் பார்த்தால் எல்லாமே பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் வியர்வையும் அப்படியே. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அது உலர வேண்டுமானால் பருத்தித் துணி வேண்டும், காற்று வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறியை நம்பக்கூடாது. உடம்பை இன்னும் சூடாக்கத்தான் செய்யும். அப்போது நிழல் பார்த்துக் கீழே இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

குழாய் வைத்த பானை ஒன்று, கோரைப்பாய் ஒன்று, இரண்டு பருத்தி வேட்டி. அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. நாற்பதாயிரத்துக்கு ஈடு என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறுங்கையோடு ரயில் ஏற மனசு வரவில்லை.

மறுபடி ஹாஸ்டல் வாசல். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. வாட்ச்மேன் பானையைப் பார்த்தார். இந்தத் தடவை வாய் திறந்தார்: "இதத்தான் சார் மொதல்ல எடுத்தாந்திருக்கணும்." பையனைக் கீழே கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கூடவே, ரொம்ப வியர்த்துக் களைப்பாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"சரிங்கப்பா" என்றான்.

"அடுத்த வருஷம் ஏ.சி. ரூம் போட்டுக்கலாம் கண்ணு."

"எனக்குச் சளி..." என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினான், பெண்பிள்ளைகள் தண்ணீர் எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி. நல்லவேளை, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அன்று முகம் பூராவும் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்து போன் செய்தேன்.

"எப்படிடா இருக்குது ரூமு?"

"பரவால்லீங்கப்பா. நம்ம பானைக்கு மாடி பூராவும் ரசிகருங்க. சாயங்காலமானா டம்ளரோட க்யூ நிக்கறாங்க."

"மெத்தை?"

"கட்டிலுக்கு அடியில கெடக்குது."

தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அந்தக் கம்பளி?"

"அது இங்க இல்லீங்கப்பா. கீழ் மாடி ஏ.சி. ரூம் பையன் வாங்கிட்டுப் போயிருக்கான். ராத்திரியானா தாங்க முடியாத குளிராம் அவனுக்கு!"

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.