சக்கர நாற்காலியோடு கடலில் நான்கு இரவுகள்

உல்லாசக் கப்பல் என்றதும் அது வெள்ளைக்காரருக்கும் பணக்காரருக்கும் உரியது, நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். ஆனால் இன்று நம் ஊர்களில் வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு குறைவு. அவர்கள் ஊருக்கு வர முடியாத நிலையில் தாய் தகப்பனையும் சகோதரங்களையும் இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துச் சந்திக்கிறார்கள். சிலர் எல்லோரும் ஒன்றாகச் சில நாள் இருக்கலாம் என்று கப்பலில் இடம் பதிவு செய்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் ஒருவர் இருந்தால், "அவவால ஏலாது, அவ வீட்டில நிக்கட்டும்" என்று முடிவெடுத்து விடுவார்கள். அந்த முடிவை மற்றவர்கள் எடுக்கும் முன், என்ன வசதி உண்டு, என்ன வசதி இல்லை என்று நம் சகோதரிகள் தாங்களே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முள்ளிக்குளத்து அக்கா ஒருவருக்குத் துணையாகக் கடந்த வருடம் நான் இப்படியான பயணம் ஒன்று போய் வந்தேன். முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பிரதேச செயலாளர் பிரிவில், வில்பத்துக் காட்டை அண்டிய கடற்கரைக் கிராமம். 2007 செப்டெம்பரில் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் ஊர் கடற்படை முகாமாகியது. திரும்பி வந்தவர்கள் பக்கத்தில் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2017 இல் ஊர்மக்கள் வீதியோரத்தில் இருந்து போராடியதன் பின், அந்த வருடம் ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் காணி விடுவிக்கப்படும் என்று கடற்படை அறிவித்தது. அக்காவின் குடும்பம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் அகப்பட்டது. 2009 இன் தொடக்கத்தில் எறிகணைச் சிதறல் முதுகெலும்பில் பட்டு, இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லாமல் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் தம்பி குடும்பமாகச் சந்திக்க ஒழுங்கு செய்தார். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று போய்த் திரும்பிவரும் பயணம். நான்கு இரவுகள்.

பதிவு செய்யும்போது

இப்படியான கப்பல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக அமைத்த அறைகள் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் போகும் பெரிய கப்பலிலும் அவை சில பத்துக்களே. ஆகவே பல மாதங்களுக்கு முன்னரே கேட்க வேண்டும். பொதுவாக அதே தரத்துச் சாதாரண அறைக்குரிய கட்டணம்தான் அறவிடுவார்கள். "விசேட அறை, கூடக் காசு" என்று முகவர் யாரும் சொன்னால் கப்பல் நிறுவனத்திடமே விசாரியுங்கள்.

இந்த அறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுநேரமும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு. மற்றது செயற்கைக் காலோடு அல்லது ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கக் கூடியவருக்கு. இரண்டாவது வகையில் பிடிகம்பிகள் இருக்கும், ஆனால் நாற்காலி திரும்ப இடம் போதாமல் இருக்கலாம். எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விசேட தேவைகளுக்கான படிவம் ஒன்று தருவார்கள். நாற்காலியின் அகலம், மடிக்கக் கூடியதா, மின்கலத்தில் ஓடுவதா என்பதெல்லாம் அதில் வரும். நாற்காலியை அளந்த பின்னரே படிவத்தை நிரப்ப வேண்டும். அக்காவின் நாற்காலி கைப்பிடி வளையத்தோடு 25 அங்குலம் இருந்தது.

லிப்றுக்குக் கிட்டவாக, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டொன்றில் அறை கிடைத்தால் நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. காது கேளாதவருக்கு ஒளியால் அழைக்கும் கதவு மணி, தலையணைக்குக் கீழே அதிரும் கருவி முதலியவற்றையும் கேட்டு வாங்கலாம்.

விசா விடயத்தை இறங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி.

கட்டுநாயக்கா வரை

உண்மையில் கஷ்டமான பகுதி கடலில் இல்லை, தரையில்தான் இருந்தது. வானில் முருங்கன், மதவாச்சி வழியாகக் கட்டுநாயக்காவுக்குப் போகும்போது, அக்கா பாவிக்கக் கூடிய மலசலகூடம் தேடி நான்கு இடங்களில் நிறுத்தினோம். இரண்டு இடத்தில் படி, ஒரு இடத்தில் கதவு ஒடுக்கம், ஒரு இடத்தில் பூட்டு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் சலக்குழாய், பை, கையுறை முதலியவற்றைத் தேவைக்கு இரண்டு மடங்காக எடுத்துக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டி பிந்தி வந்தாலும் உங்கள் உடம்பு பிந்தாது. படுக்கைப்புண் வராமல் இருக்கச் சொந்த மெத்தையை நாற்காலியோடு அனுப்பாமல் விமானத்துக்குள் கொண்டுபோய் அதன்மேல் இருங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுங்கள்.

விமானத்தின் ஒடுங்கிய நடைபாதைக்கு என்று சின்ன நாற்காலி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றித்தான் இருக்கைக்குக் கொண்டு போவார்கள். தூக்குவதற்கு ஆண்கள் வந்தால், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். பெண் பணியாளரை அனுப்பும்படியும் கேட்கலாம்.

அறைக்குள்

சாதாரணக் கப்பல் அறையின் கதவு ஒடுக்கமாக இருக்கும். குளியலறைக்குள் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு படி அளவுக்கு உயர்ந்த வாசல்கட்டையும் இருக்கும். எங்களுடைய அறையில் கதவின் உள் அகலம் 32 அங்குலத்துக்கு மேல். வாசல்கட்டை இல்லை, தரை ஒரே மட்டம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப ஐந்து அடி இடம். அலமாரியில் உடுப்புக் கொழுவும் தடி இருந்தபடியே எட்டக் கூடிய உயரத்தில். லைற் சுவிச்சும் அப்படியே.

குளியலறையில் மலகூட இருக்கை நாற்காலியின் உயரத்துக்குச் சரியாக, தரையிலிருந்து 18 அங்குலமளவில் இருந்தது. இருக்கையின் அருகே பிடிகம்பி. கைகழுவும் தொட்டிக்குக் கீழே முழங்கால் போகும் இடம். குளிக்குமிடத்தில் சுவரோடு மடித்து வைக்கும் இருக்கையும், கையில் எடுத்து ஊற்றும் தண்ணீர்க் குழாயும். விழுந்தால் இழுப்பதற்கு ஒரு கயிறு, அதை இழுத்தால் ஆள் வரும்.

முதல்நாள் மாலை அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்று, "அக்கா, நான் வரவோ?" என்றேன். "நீ இரு பிள்ளை" என்றார். முக்கால் மணித்தியாலம் கழித்து, தலை ஈரத்தோடு வெளியே வந்தார். "பதினைஞ்சு வருஷத்துக்கு மேலாச்சு, நான் கதவைப் பூட்டிப்போட்டுக் குளிச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குளிக்க வார்த்துவந்த தாய் அடுத்த அறையில் இருந்தார். இந்தச் செய்தியைக் கேட்டு அவர்தான் அழுதார்.

வேறு சில விடயங்களும் கவனிக்க வேண்டும். நாற்காலியை நடைபாதையில் விட முடியாது, நெருப்பு அபாயத்தில் வழி மறிக்கும் என்று அறைக்குள்ளேயே வைக்கச் சொல்வார்கள். மின்செருகி நம்முடைய மாதிரி இருக்காது. பொருத்தும் அடப்டர் ஒன்று கொண்டு போங்கள். நீட்டு வயர்களை ஏறும்போதே வாங்கி வைத்துக் கொள்ளக் கூடும். பல்கனிக்கும் மேல்தட்டுக்கும் போகும் கதவுகள் பாரமானவை, சிலவற்றில் சிறிய ஏற்றம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் லிப்ற் நிரம்பி வரும், பத்து நிமிடம் முந்திப் போவது நல்லது. தட்டை மேசைக்குக் கொண்டுவந்து தரும்படி பணியாளரிடம் கேட்டால் தருவார்கள். செயற்கைக் கால் போடுகிறவர்கள் கப்பல் ஆடும்போது நடைபாதைக் கைப்பிடியை விடக் கூடாது. இரவில் காலைக் கழற்றினால், எழும்பும்போது எட்டும் இடத்தில் வையுங்கள்.

சத்தங்களும் இருட்டும்

யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கென்று இதைத் தனியாகச் சொல்கிறேன். கப்பல் புறப்படுமுன் அவசரப் பயிற்சி ஒன்று நடக்கும். 2012 இல் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்த பின், இந்தப் பயிற்சி விதிகள் இறுக்கப்பட்டன. அபாய ஒலி ஏழு குறுகிய ஊதல்களும் ஒரு நீண்ட ஊதலும். அது பயிற்சிதான் என்று தெரிந்திருந்தும் அக்காவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. எத்தனை மணிக்கு ஊதும் என்று முன்னரே கேட்டு வைத்தால் மனம் ஆயத்தமாக இருக்கும்.

அபாயம் நேரும்போது லிப்ற் பாவிக்க விடமாட்டார்கள். நடக்க முடியாதவரைப் படிகளால் இறக்குவதற்குப் பயிற்றப்பட்ட பணியாளரும் அதற்கான நாற்காலியும் உண்டு. உங்கள் பெயரும் அறை இலக்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏறிய அன்றே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

மலகூடத்தில் தண்ணீர் இழுக்கும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கும். யன்னல் இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் லைற்றை அணைத்தால் பங்கருக்குள் இருப்பது போன்ற இருட்டு. அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது யன்னலுள்ள அறையைக் கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு சிறிய இரவு விளக்கைக் கொண்டு போங்கள்.

கரை இறங்குதல்

பினாங்கில் கப்பல் துறைமுக மேடையோடு அணைந்து கட்டுகிறது. கடற்பெருக்கைப் பொறுத்து இறங்கு பாதை சாய்வாக இருக்கும், பணியாளர் பிடித்து இறக்கினார்கள். துறைமுகத்திலிருந்து சிறிது தூரத்திலேயே ஜோர்ஜ் ரவுனின் தமிழ்க் கடைத்தெருவும் 1833 இல் எழுந்த மாரியம்மன் கோவிலும் இருக்கின்றன. கடைகளின் முன்நடை வீட்டுக்கு வீடு படியாக ஏறி இறங்குவதால் நாங்கள் வீதியோரமாகவே உருட்டிப் போனோம். மல்லிகைப்பூ வாங்கி, இட்டலி சாப்பிட்டு, தமிழிலேயே விலை பேசி வந்தார் அக்கா.

புக்கெட்டில் எங்கள் கப்பல் பற்றோங் குடாவில் நங்கூரமிட்டு நின்றது. அங்கிருந்து சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் படகு ஏறி இறங்குவதால், ஒரு படியாவது எடுத்து வைக்க முடியாதவர்களை ஏற்றமாட்டோம் என்றார்கள். மற்றவர்கள் போனார்கள், அக்கா தட்டில் இருந்து கரையைப் பார்த்தார். ஆகவே பதிவு செய்யும்போதே எந்தத் துறையில் கப்பல் கரையோடு கட்டும், எந்தத் துறையில் நங்கூரமிடும் என்று கேளுங்கள். கரையோடு கட்டும் துறைகள் கூடிய பயணத்தையே தெரிவு செய்யுங்கள்.

அளவு நாடாவோடு வீட்டுக்கு

கப்பற்காரர் இந்த வசதிகளைக் கருணையினால் மட்டும் செய்யவில்லை. வேறு நாட்டுக் கொடியோடு ஓடினாலும் அமெரிக்கக் கடலுக்குள் வரும் கப்பல்கள் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவை என்று 2005 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் மாற்றுத்திறனாளிப் பயணிகளும் அவர்களோடு பயணம் செய்தவர்களுமே. கேட்டவர்கள் இருந்தபடியால் கதவு அகலமாகியது.

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் பொதுக் கட்டடங்களுக்கு அணுகு வசதி வேண்டுமென்று 2006 இல் வந்த ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில் 2009 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம் அந்த விதிகளைக் கைக்கொள்ளும்படி கட்டளையிட்டது. அந்த ஏப்ரலில் நம் அக்கா எங்கே கிடந்தார் என்பதை வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 இல் இலங்கை மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவுக்குப் பின்னும் மதவாச்சி வழியில் நாங்கள் நான்கு முறை வானை நிறுத்தினோம்.

பொதுக் கட்டடத்துக்குச் சட்டம் இருக்கிறது. நம் வீட்டுக்கு நாமே அளக்க வேண்டும். கப்பலின் கடைசி நாளில் அக்கா என்னிடம் அளவு நாடா கேட்டார். தையல்வேலைக்குக் கொண்டுவந்த நாடாவால் அறை முழுவதையும் அளந்து கொப்பியில் எழுதினோம். அவருடைய குடும்பத்துக்கு அப்போது வீடு கட்டுப்பட்டுக் கொண்டிருந்தது. வரைபடத்தில் குளியலறைக் கதவு இரண்டேகால் அடி. திரும்பி வந்த கிழமையே அக்கா மேசனைக் கூப்பிட்டுக் கதவை மூன்றடியாக்கச் சொன்னார். "பிளானில இப்பிடித்தான் கிடக்கு" என்று மேசன் சொல்ல, "பிளான் கீறினவர் வந்து இதுக்க குளிக்கப் போறாரோ?" என்று கேட்டார். சுவர் எழும்ப முன்னர் மாற்றியபடியால் செலவு அதிகம் கூடவில்லை.

வீடு கட்டும் சகோதரிகள் இந்த அளவுகளைக் குறித்து வையுங்கள். கதவின் உள் அகலம் குறைந்தது 32 அங்குலம். நாற்காலி திரும்ப ஐந்து அடிக்கு ஐந்து அடி. மலகூட இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம். பிடிகம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம், அதைக் கல்லுக்குள் இறுக்க வேண்டும், பூச்சுக்குள் மட்டும் இறுக்கினால் கழன்றுவிடும். சாய்வுப் பாதைக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி வேண்டும். நம் கடற்கரை மணலில் முன்சில்லு புதையும், ஆகவே வாசலிலிருந்து கிணற்றடிக்கும் வீதிக்கும் மூன்று நான்கடி அகலத்தில் சீமெந்து நடைபாதை போடுங்கள். அத்திவாரம் போடும்போதே இவற்றை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வீட்டை மற்றவர் அளந்து பாருங்கள்.

கப்பலுக்குப் போகும் வாய்ப்பு எல்லோருக்கும் வராது. பூட்டக் கூடிய கதவுள்ள குளியலறை எல்லோருக்கும் வர வேண்டும்.